தொட்டிலின் எடை

என் அக்காவை அவளுடைய மூத்த மகள் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். வீட்டில் நான் அப்படிக் கூப்பிடுகிறேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே கூப்பிடுகிறார்கள், கேட்டுக் கேட்டு அவளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. எங்கள் அம்மாவைத்தான் அவள் ‘அம்மா’ என்பாள். அந்தப் பிள்ளை பிறந்து, பிரசவ விடுப்பு முடிந்த கையோடு அக்காவுக்குக் கூலிம் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் போட்டார்கள். மாலையில் கம்பெனி பஸ் எங்கள் ஊர் திகாம் பத்து ரோட்டு முனையில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும், காலையில் கொண்டு வந்து இறக்கிவிடும். பகல் முழுக்கத் தூங்குவாள். ‘சத்தம் போடாதே, அவ தூங்குறா’ என்று சொல்லியே அந்தப் பிள்ளையை நாங்கள் வளர்த்தோம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். இரண்டாவது பெண் பிறந்த பிறகு ஒரு நாள், குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “இவளாச்சும் என்னை அம்மான்னு கூப்புடட்டும் தம்பி.” பிரசவ விடுப்பு முடிந்ததும் சம்பளமில்லாத விடுப்பு கேட்டு வாங்கினாள். அதுவும் முடிந்தால் ஒன்று பஸ் ஏற வேண்டும், இல்லை, வேலையை விட வேண்டும்.

வேலையை விடுவது சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை. அக்கா வீட்டுக்காரர், என் மாமா, லோரி ஓட்டுகிறார், தெற்கே ஜொகூருக்கும் எங்கள் கெடாவுக்கும் இடையில் பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும். அவர் சம்பளம் ஒன்றை வைத்து இரண்டு பிள்ளைகளை ஓட்ட முடியாது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போனவன் நான் ஒருவன்தான். அம்மாவும் அப்பாவும் எஸ்டேட்டில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிப் படிக்க வைத்தார்கள். கடைசி இரண்டு வருடம் அக்காவின் கூலிம் சம்பளத்தில்தான் படித்தேன். அப்பா இப்போது இல்லை. நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு கணக்கு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். என் சம்பளம் வீட்டு வாடகைக்கும் அம்மாவின் மருந்துக்கும் சரியாக இருந்தது.

தொட்டில் வியாபாரம் யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு ஆரம்பித்ததில்லை. எங்கள் ஊரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லார் வீட்டுப் பிள்ளையும் ஸ்பிரிங் தொட்டிலில்தான் தூங்கும். உத்தரத்தில் ஒரு ஸ்பிரிங், அதில் ஒரு கொக்கி, துணியை விரித்துப் பிடிக்க ஒரு கம்பி, கீழே துணி. பக்கவாட்டில் ஆடாது, மேலும் கீழுமாகக் குதிக்கும். கடையில் வாங்கிய துணியில் குழந்தையின் கழுத்து மடங்குகிறது என்று அக்கா தானே ஒன்று தைத்தாள். அடிப்பக்கம் அகலமாக, தையல் இரட்டையாக, ஓரத்தில் சின்னச் சின்ன மாங்காய் வேலைப்பாடு. நான் அதைப் படம் எடுத்து இணையத்தில் என் பக்கத்தில் போட்டேன். லண்டனில் இருக்கும் ஒருவர், இங்கிருந்து போனவர், முழு செட்டாக அனுப்ப முடியுமா என்று கேட்டார். முடியும் என்று உடனே பதில் போட்டுவிட்டேன். வெளிநாட்டுக்கு ஒரு கடிதம்கூட அதுவரை நான் அனுப்பியதில்லை.

கூரியர் கடையின் கட்டணப் பட்டியலை இணையத்தில் பார்த்தேன். எடைக்கு ஏற்ற கட்டணம், அரைக் கிலோவுக்கு ஒரு படி. வீட்டுத் தராசில் செட்டை வைத்துப் பார்த்தேன். அந்த எடைக்கு உரிய தபால் கூலியை விலையோடு சேர்த்துச் சொன்னேன், அவரும் பணம் அனுப்பிவிட்டார். பிறகு தெருமுனை ஒட்டுக் கடையில் மீ நூடுல்ஸ் அட்டைப் பெட்டி ஒன்று கேட்டு வாங்கி, கம்பி வளையாமல் நீட்டி வைத்து, சுற்றிலும் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்துக் கொண்டுபோனேன். கவுண்டரில் ஒரு மலாய்க்காரப் பெண், என் அக்கா வயதுதான் இருக்கும். தராசில் வைத்துப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து அளவு டேப்பை எடுத்தார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்தார். ஆறு கிலோ வந்தது. எடைக்கும் அளவுக்கும் எது கூடுதலோ அதற்குத்தான் பணம் கட்ட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். விமானத்தில் பெட்டி பிடிக்கிற இடத்துக்கும் கூலி உண்டு. பெட்டிக்குள் பாதிக்கு மேல் காற்று. அந்தக் காற்றை லண்டன் வரைக்கும் நாங்கள் காசு கொடுத்து அனுப்பினோம்.

வீட்டில் சொன்னபோது அக்கா மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “கணக்குப் படிக்கத்தானலா உன்ன அனுப்புனோம்?” என்றாள். அந்தப் பாடத்தில் பெட்டி வராது என்றேன். அவள் சிரித்தாள், ஆனால் அன்று சாயங்காலமே வேலையில் இறங்கிவிட்டாள். பெட்டி வேண்டாம் என்று முடிவானது. கம்பியை வெல்டிங் கடையில் கொடுத்துக் குட்டையாக்கினாள், அதற்குத் தகுந்தபடி துணியின் வாயைச் சுருக்கித் தைத்தாள். ஸ்பிரிங்கை நடுவில் வைத்து, பச்சைப் பிள்ளையைத் துணியில் சுற்றுகிற மாதிரி தொட்டில் துணியாலேயே இறுக்கிச் சுற்றி, கனத்த பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டினாள். கையில் எடுத்தால் நல்ல தலையணை மாதிரி இருந்தது. அளவு அடங்கிவிட்டது. எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. அந்தப் படியின் கட்டணத்தையே தபால் கூலி என்று பக்கத்தில் போட்டேன். ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் ஒவ்வொன்றாக ஆர்டர் வந்தது. எல்லாரும் இங்கிருந்து போனவர்கள், அங்கே இந்த மாதிரித் தொட்டில் கிடைப்பதில்லை என்றார்கள்.

மாதக் கடைசிக்குள் கூலிமுக்குப் பதில் சொல்ல வேண்டும். நானும் அக்காவும் பேசி வைத்துக்கொண்டோம். துணி, ஸ்பிரிங், தபால் எல்லாம் போக ஒரு தொட்டிலுக்குத் தையல் கூலி என்று கையில் ஒரு தொகை நின்றால் வேலையை விடலாம். நிற்காவிட்டால் போக வேண்டியதுதான். கணக்கு தெளிவாக இருந்தது. காகிதத்தில் நின்றது. கையில் மட்டும் நிற்கவில்லை.

ஒவ்வொரு முறையும் இதுதான் நடந்தது. நான் இரவில் செட்டை எடை போட்டுப் பார்ப்பேன், ஒன்றரைக்குள் இருக்கும். அக்கா காலையில் மூட்டை கட்டி டேப் ஒட்டுவாள். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்து எடுத்துக் கூரியர் கடைக்குக் கொண்டுபோவேன். அங்கே தராசு ஒன்றரையைத் தாண்டி நிற்கும். கொஞ்சம்தான் தாண்டும், ஆனால் படி படிதான். இரண்டு கிலோவுக்கு உரிய கட்டணத்தைக் கட்ட வேண்டும். வாங்குகிறவர் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டதால், மிச்சத்தை அக்காவின் தையல் கூலியிலிருந்துதான் எடுக்க வேண்டும். இதில் பெரும்பாலும் அந்தக் கூலி முழுக்கவே போய்விடும்.

முதலில் எங்கள் தராசைச் சந்தேகப்பட்டேன். ஒரு கிலோ சீனிப் பையை வைத்துப் பார்த்தேன், சரியாகக் காட்டியது. பிறகு பிளாஸ்டிக் பையைச் சந்தேகப்பட்டேன், மெல்லியதாக மாற்றினோம். டேப்பைக் குறைக்கச் சொன்னேன். நன்றி என்று அச்சடித்து உள்ளே வைத்த அட்டையை எடுத்தேன். விலாசம் ஒட்டுகிற தாளைப் பாதியாக வெட்டினேன். மழைக்காலம் வேறு, துணி குடித்து வைத்திருக்கும் ஈரமும் எடைதானே என்று, அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் ஃபேனுக்குக் கீழே விரித்து வைத்துவிட்டுப் போனேன். அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, சொன்னதைச் செய்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் கவுண்டரில் அந்தப் பெண் தானாகவே சொன்னார். வாரா வாரம் கொஞ்சமாகத் தாண்டி இவ்வளவு கட்டுகிறாயே, பிரித்துப் பார்த்து எதையாவது எடுத்துவிடு, நான் திரும்ப ஒட்டித் தருகிறேன். கத்தியால் டேப்பைக் கீறினார். துணியை ஒரு சுற்றுப் பிரித்ததும் உள்ளேயிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்று உருண்டு தராசின் மேலேயே விழுந்தது. முடிச்சு அவிழ்ந்தது. நீளவாக்கில், வழவழவென்று, என் உள்ளங்கை நிறைகிற அளவுக்கு ஒரு கல். தலைப்பக்கம் குங்குமப் பொட்டு.

“இனி பத்து கே, டிக்?” என்றார். கல்லா இது, தம்பி? எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் விலாசத் தாளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஓராங் திகாம் பத்து, ஹந்தார் பத்து.” மலாயில் பத்து என்றால் கல். திகாம் பத்துக்காரன் கல் அனுப்புகிறான் என்றதும் வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. கல்லை எடுத்துவிட்டால் எடை சரியாக இருந்தது. ஆனால் பொட்டு வைத்து முடிந்த ஒன்றைக் கேட்காமல் எடுத்துப்போட எனக்கு மனம் வரவில்லை. பார்சலை அனுப்பாமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்லை மிஷின் மேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏன் எடுத்துட்டு வந்துட்ட?”

“இத நீயா வெச்ச?”

“பின்ன யாரு வெப்பா? எல்லாத்துலயும் வெச்சுத்தான் அனுப்புறேன்.”

“எதுக்குக்கா?”

“வெறும் தொட்டில எப்படித் தம்பி ஒருத்தவங்க வீட்டுக்கு அனுப்புறது?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்று, தொட்டில் கட்டியதும் முதலில் அம்மிக் குழவியைப் போட்டு ஆட்டுவார்கள். அதை எடுத்த பிறகுதான் பிள்ளையைப் போடுவார்கள். வெறும் தொட்டிலை யாராவது விளையாட்டுக்கு ஆட்டினால் பெரியவர்கள் அதட்டுவார்கள். எஸ்டேட்டில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், எனக்கும் தெரியும். ஆனால் தபாலில் போகிற தொட்டிலையும் வெறும் தொட்டிலாக நினைப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பழைய எஸ்டேட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றிலிருந்து கல்லைப் பொறுக்கிக் கொண்டுவந்து, கழுவிக் காயவைத்து, குழவி மாதிரி நீளமாக இருப்பதை மட்டும் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு வாளி நிறைய இருந்தது. ஏன் சொல்லவில்லை என்றேன். நீ கேட்கவில்லை என்றாள். நீ டேப்பைக் கேட்டாய், தாளைக் கேட்டாய், கல்லைக் கேட்கவில்லையே.

குழவி என்றால் குழந்தை என்றும் ஒரு பொருள் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது, சொன்னேன். “அதுக்கும் பரீட்சை வெச்சாங்களா?” என்றாள்.

பிறகு நான் காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்து நிதானமாக விளக்கினேன். இந்தக் கல் ஒன்றுதான் நம்மை அடுத்த படிக்குத் தள்ளுகிறது. அந்தப் படிக்குக் கொடுப்பது உன் தையல் கூலி. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், அதில் கல் இல்லை. ஆஸ்திரேலியாவில் மண், விதை, மரம் இதையெல்லாம் பிடித்து வைப்பார்கள் என்று கவுண்டர் பெண் சொன்னார், ஆற்றுக் கல்லைப் பார்த்தால் என்ன செய்வார்களோ தெரியாது. அவள் கேட்டுக்கொண்டே கல்லைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்ப இந்தக் கல்லுனாலதான் நான் மறுபடி பஸ் ஏறணுமா?”

“ஆமாக்கா.”

அடுத்த சில நாட்கள் வீட்டில் இதே பேச்சாக இருந்தது. சின்னக் கல்லாக வைக்கலாமா என்றேன். சின்னதாக இருந்தால் அது கூழாங்கல், குழவி இல்லை என்றாள். ஆனாலும் மனது கேட்காமல் ஒன்றைத் தேடி வைத்தாள். நானும் உள்ளடக்கப் பட்டியலில் ‘கல் - ஒன்று - குழந்தைக்கு’ என்று எழுதிப் பார்த்து, நாளை இதைச் சுங்கத்தில் யாரிடம் எப்படி விளக்குவேன் என்று யோசித்து அடித்துவிட்டேன், அதோடு சின்னக் கல்லும் போனது. மஞ்சள், அரிசி இரண்டும் கல்லைவிட மோசம், உறுதியாகப் பிடிப்பார்கள். மிச்சத் துணியில் ஒரு பொம்மை தைத்து வைக்கலாமே என்றேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பொம்மையைப் போட்டு ஆட்டுவதாவது என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டார். உங்கள் வீட்டுக் கல் ஒன்றைப் போட்டு ஆட்டுங்கள் என்று அட்டை அச்சடித்து வைக்கலாம் என்றேன். அக்கா யோசித்தாள். அங்கே போய்ச் சேருகிற வரைக்கும் வெறுமனேதானே போகும் என்றாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கடையில் அடுக்கி வைத்திருக்கிற தொட்டிலில் எல்லாம் கல்லா இருக்கிறது, அதை வாங்குகிற வீட்டுப் பிள்ளைகள் வளரவில்லையா என்று கேட்டேன்.

“அது கடைக்காரன் விக்கிறது. இது நான் தைக்கிறது தம்பி. என் கையால போறது வெறுமனே போக வேணாம்.”

அவள் பிடிவாதம் பிடிப்பவள் இல்லை. என் படிப்புக்காகத் தன் நகையை எடுத்துக் கொடுத்தபோது யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இதில் மட்டும் அவளால் முடியவில்லை. அதனால் யாருக்காவது நஷ்டம் என்றால் அது அவளுக்குத்தான், அதையும் தெரிந்துதான் சொன்னாள்.

வந்த ஆர்டர்கள் அனுப்பாமல் நின்றன. மெல்பர்னிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தார், இங்கே பாலிங் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், முதல் பிள்ளை. நாள் நெருங்கிவிட்டது, அம்மாவால் வர முடியவில்லை, தொட்டிலாவது வந்து சேரட்டும் என்று எழுதியிருந்தார். இன்னும் இரண்டு நாளில் அனுப்புகிறேன் என்று அவருக்கு ஒன்றுக்கு இரண்டு முறை பதில் போட்டிருந்தேன். இதற்கிடையில் கூலிமிலிருந்து சூப்பர்வைசர் போன் செய்தார். நல்ல மனுஷி. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லு, அதற்கு மேல் என்னால் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது என்றாராம். அன்று மாலை நான் வேலை முடிந்து வந்தபோது, ஃபேக்டரிக்குப் போட்டுப் போகிற வெள்ளைச் சப்பாத்து கழுவி, வாசல் கிரில்லில் சாய்த்து வைத்திருந்தது.

மறுநாள் எனக்கு விடுமுறை. காலையிலிருந்தே மழை. குழந்தை தன் தொட்டிலை நனைத்துவிட்டது. மாற்றுத் துணியும் முதல் நாள் நனைத்தது, இன்னும் காயவில்லை. தூக்கத்துக்கு அழுதுகொண்டே இருந்தது. நான் ஒட்டுக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மாங்காய் வேலைப்பாடு போட்ட புதுத் துணி, ஸ்பிரிங்கில் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, அது மெல்பர்ன் போற தொட்டிலு.”

“தெரியும்லா. கத்தாத.”

அவள் தரையில் உட்கார்ந்து தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரொட்டியை வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். குழந்தை நல்ல தூக்கம் தூங்கி, எழுந்து, கையைக் காலை ஆட்டியது. அக்கா அதைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு, துணியை அவிழ்த்து முகர்ந்து பார்த்தாள். நனைக்கவில்லை. ஸ்பிரிங்கையும் கம்பியையும் வைத்துச் சுற்றினாள், பையில் போட்டாள், டேப் ஒட்டினாள், தராசில் கொண்டுபோய் வைத்தாள்.

“பாரு.”

ஒன்றரைக்குக் கீழே நின்றது.

அப்போ கல் என்று அம்மா கேட்டார். அக்கா பார்சலைத் தராசிலிருந்து எடுத்தாள். “கல்லு எதுக்கும்மா வெக்கிறோம்? புள்ள வர்றதுக்கு முன்னாடி எடம் புடிச்சு வெக்கத்தானே? இதுல புள்ளையே படுத்து எந்திரிச்சிருச்சு. இனிமே இது வெறும் தொட்டில் இல்ல.”

அம்மா அதை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது போல நின்றார். பிறகு சரிதான் என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். புதுத் தொட்டில் என்று காசு வாங்கிவிட்டு, ஒரு பிள்ளை தூங்கிய தொட்டிலை அனுப்புவதா என்று கேட்டேன். சொல்லிவிடு, வேண்டாம் என்றால் வேறு தைத்துக் கொடுக்கலாம் என்றாள் அக்கா. மெல்பர்ன் பெண்ணுக்கு நடந்ததை எழுதினேன். கல்லைப் பற்றி, தபால் படியைப் பற்றி, குழந்தை தூங்கியதைப் பற்றி, எதையும் விடாமல் நீளமாக. எழுதி முடித்ததும் இவ்வளவு எழுதியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் குரல் பதிவாகப் பதில் வந்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று சத்தமாகப் போட்டேன்.

“அண்ணே, அந்தப் பாப்பா நல்லாத் தூங்குற பாப்பாவா, ராவெல்லாம் அழுவுற பாப்பாவா? நல்லாத் தூங்குறதுன்னா அதையே அனுப்புங்க. அழுவுறதுன்னா கல்லே போதும்.”

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். நல்லா தூங்கும் என்று நான் பதில் போட்டேன். அது முக்கால்வாசி உண்மை.

அதன் பிறகு பக்கத்தில் ஒரு வரி சேர்த்தோம்: ஒவ்வொரு தொட்டிலிலும் எங்கள் வீட்டுக் குழந்தை ஒரு தூக்கம் தூங்கிய பிறகே அனுப்பப்படும். எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. ஒருவர் அப்படியானால் பழைய பொருள்தானே, விலையைக் குறையுங்கள் என்றார். இன்னொருவர் ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அவர் பயம் அவருக்கு, அதில் தப்பில்லை. சிலர் குழந்தையின் படம் கேட்டார்கள். படம் மட்டும் தரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள், பிள்ளை மேல் கண் படக் கூடாது. அம்மாவுக்கு ஒரே கேலி. நீ வேலைக்குப் போகக் கூடாது என்று பார்த்து, கடைசியில் பால் குடிக்கிற பிள்ளையை வேலைக்கு வைத்துவிட்டாயே என்பார். சொல்லிவிட்டுத் தானே போய்த் தொட்டிலை ஆட்டுவார்.

கணக்கை மறுபடி போட்டேன். கையில் நின்றது. கூலிம் சம்பளத்துக்கு ஈடாக இல்லை, அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. இதை மறைக்காமல் அக்காவிடம் சொன்னேன். ஆர்டர் இல்லாத மாதமும் வரும் என்றேன். தபால் கட்டணத்தை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றேன். இன்னும் சில மாதங்களில் குழந்தை தவழ ஆரம்பித்துவிடும், பிறகு புதுத் தொட்டிலில் யார் தூங்குவது என்றும் கேட்டேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். பக்கத்துத் தாமான் வீடுகளில் மூன்று பேர் முழுகாமல் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். மாமா ஜொகூரிலிருந்து போன் செய்தபோது அவரிடமும் பேசினாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு கிடைக்குமா என்று என்னைக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அவளை மோட்டார் சைக்கிளில் கூலிமுக்குக் கூட்டிப்போனேன். கம்பெனி அட்டை, மேலங்கி, சப்பாத்து எல்லாம் ஒரு பையில் இருந்தன. ஃபேக்டரி வாசலில் காவலாளி இருக்கும் கார்ட் வீட்டுக்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் வந்து வாங்கிக்கொண்டார். கையெழுத்து வாங்கினார், அக்காவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். அக்கா தலையாட்டினாள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் அவளைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவளும் கையசைத்தாள், பஸ் கிளம்புகிற வரைக்கும் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். மோட்டாரில் ஏறி உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டினாள்.

பாலத்தைத் தாண்டியதும் என் முதுகைத் தட்டினாள்.

“கொஞ்சம் வேகமா அழுத்து தம்பி. ஆக்லாந்து தொட்டில இன்னிக்குத்தான் தைச்சு முடிச்சேன். நாம போறதுக்குள்ள அம்மா பாப்பாவ வேற துணியில போட்டுத் தூங்க வெச்சிட்டாங்கன்னா, அப்புறம் பொழுது போறவரைக்கும் தூங்க மாட்டா. நாளைக்கு பார்சல் போவாது.”

நான் அழுத்தினேன்.